பெரிய சோல் ஸ்னீக்கர்: வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: ஃபேஷன் டிசைன் படித்த ஒருவர் ஸ்ட்ரீட்வேர் பிராண்டு தொடங்கப் போகிறார். டி-ஷர்ட், ஹூடியோடு தடித்த சோல் வைத்த ஸ்னீக்கர் ஒன்றும் வேண்டும். பக்கவாட்டுப் படம் வரைந்து வைத்திருக்கிறார். ஆம்பூர் பக்கம் ஏதாவது ஃபேக்டரியில் கொடுத்து முதலில் 300 ஜோடி போட முடியுமா, எங்கிருந்து ஆரம்பிப்பது, எங்கே சறுக்கும் என்று கேட்கிறார்.

போட முடியும். ஆனால் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேராக ஃபேக்டரிக்குப் போகாதீர்கள். டிசைன் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்பரைத்தான், அதாவது சோலுக்கு மேலே இருக்கும் பகுதியைத்தான், வரைந்துகொண்டு வருவார்கள். பேனல், தையல், நிறம், நாக்கு, லேஸ் எல்லாம் அழகாக இருக்கும். கீழே சோல் இருக்க வேண்டிய இடத்தில் அலையலையாக நாலு கோடு. சாதாரண டென்னிஸ் ஷூ மாதிரிக்கு இது போதும், ஏனென்றால் அதன் சோல் எல்லா சப்ளையரிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய சோல் ஷூவில் நிலைமை தலைகீழ். பணம், எடை, நடை, அது கடையில் விற்குமா என்பது உட்பட எல்லாம் சோலில்தான் தீர்மானமாகிறது. அப்பரை அப்புறம் பத்து தடவை மாற்றலாம். சோலை, அதை வார்க்கும் அச்சான மோல்டு வெட்டிய பிறகு மாற்ற முடியாது.

முதலில் 300 ஜோடி என்ற எண்ணைப் பார்ப்போம். சொந்த வடிவத்தில் சோல் வேண்டுமானால் ஒவ்வொரு அளவுக்கும் தனி மோல்டு வேண்டும். பேச்சுக்கு ஒரு அளவுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூ.கே. 6 முதல் 11 வரை ஆறு அளவு, ஆறு லட்சம். 300 ஜோடியில் பிரித்தால் மோல்டுக்கு மட்டும் ஜோடிக்கு 2,000 ரூபாய் விழும். அதே மோல்டில் 5,000 ஜோடி ஓடினால் 120 ரூபாய். அடியில் ரப்பர் அவுட்சோல் தனியாக ஒட்டுவதென்றால் அதற்கும் ஒரு மோல்டு செட். ஆகவே முதல் 300 ஜோடிக்கு, சோல் சப்ளையர்கள் ஏற்கெனவே மோல்டு போட்டு யாருக்கும் விற்கிற ‘ஓப்பன் மோல்டு’ சோல்தான் புத்திசாலித்தனம். ஹரியானாவில் பகதூர்கட் பக்கம் தோல் இல்லாத காலணிகளின் பெரிய தொழில்கூட்டம் இருக்கிறது. ஈ.வி.ஏ., பி.யூ. என்ற நுரைப் பொருள்களில் செய்த சோல்களை அங்கே குவியலாகப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் பலம் தோலும் அப்பர் தையலும். இரண்டையும் சேர்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர்பெற்ற சின்ன பிராண்டுகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. சோல் உங்களுடையது இல்லையென்றாலும் அதன் நிறப் பிரிப்பு, அப்பரோடு அது சேரும் விகிதம், பொருள்கள் எல்லாம் உங்கள் கையில்தான்.

இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது புரியும். 2013-இல் ஃபேஷன் டிசைனர் ராஃப் சைமன்ஸ் அடிடாஸோடு சேர்ந்து ஓஸ்வீகோ ஷூவைக் கொண்டுவந்தபோது பலருக்கு அது விநோதமாகத்தான் பட்டது. 2017 ஜனவரியில் டிசைனர் டெம்னா குவாசாலியா பொறுப்பில் இருந்த பலென்சியாகா ஃபேஷன் நிறுவனம், ‘ட்ரிப்பிள் எஸ்’ ஷூவை மேடையேற்றியது. ஓட்டம், கூடைப்பந்து, தடகளம் என்று மூன்று விளையாட்டு ஷூக்களின் சோலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவம். அதே வருடம் அடிடாஸின் யீஸி 700 வந்தது. 1996-இல் ஃபிலா போட்ட டிஸ்ரப்டரின் இரண்டாம் பதிப்பு, 2018-இல் ஃபுட்வேர் நியூஸ் பத்திரிகையின் அந்த ஆண்டுக்கான ஷூ விருதை வாங்கியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ட்ரிப்பிள் எஸ்ஸை முதலில் இத்தாலியில் செய்தார்கள், பிறகு சீனாவுக்கு மாற்றினார்கள். விலை குறையவில்லையே என்று வாங்குபவர்கள் கொதித்தபோது நிறுவனம் சொன்ன காரணம், எடை குறைவாகச் செய்யும் திறமையும் வசதியும் அந்த ஃபேக்டரியில் இருக்கிறது என்பது. உண்மைக் காரணம் அது மட்டும்தானா என்பது வேறு விஷயம். ஆனால் பருமனை விற்றே பெயர் வாங்கிய ஷூவுக்குக்கூட எடையைக் குறைப்பதுதான் சொல்லிக்கொள்ளத் தக்க காரணமாக இருந்தது.

எடைக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். யூ.கே. 8 அளவில் ஒரு பெரிய சோலின் அடிப்பரப்பு கிட்டத்தட்ட 270 சதுர செ.மீ. சராசரித் தடிமன் 35 மி.மீ. என்றால் கன அளவு சுமார் 945 க.செ.மீ. இதை நல்ல ஈ.வி.ஏ.வில், அதாவது ஒரு க.செ.மீ.க்கு 0.2 கிராம் அடர்த்தியில் செய்தால் ஏறக்குறைய 190 கிராம். 0.45 அடர்த்தியுள்ள பி.யூ.வில் 425 கிராம். திடமான டி.பி.ஆரில், அதாவது ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில், செய்தால் ஒரு காலுக்கே 900 கிராம் தாண்டிவிடும். அப்பருக்கு 200 கிராம், ரப்பர் அவுட்சோல், உள்ளே போடும் ஃபுட்பெட் எல்லாம் சேர்த்தால் ஈ.வி.ஏ. ஷூ 500 கிராம் பக்கம் நிற்கும். டி.பி.ஆர். ஷூவைப் போட்டுக்கொண்டு மெட்ரோ படிக்கட்டு ஏறிப் பாருங்கள், தெரியும். டி.பி.ஆர். சப்ளையர்கள் உள்பக்கம் தேனடை மாதிரிக் குழி விட்டு எடையைக் குறைப்பார்கள். ஓரளவுக்கு உதவும். ஆனாலும் சாம்பிள் கைக்கு வந்ததும் முதல் வேலை தராசில் வைப்பதுதான். அழகு, நிறம் எல்லாம் அதற்கப்புறம் பேசலாம். ஆண்கள் அளவில் ஒரு கால் 600 கிராமைத் தாண்டினால் அந்த சோலைத் திருப்பி அனுப்பிவிடுவது என் வழக்கம்.

தோற்றத்தில் தடியாகவும் காலுக்குத் தடியில்லாமலும் இருக்க இன்னொரு வழி, காலை சோலுக்குள் இறக்குவது. வெளியிலிருந்து பார்க்கும்போது குதிகால் பக்கம் சோல் 55 மி.மீ. உயரம் தெரியும். உள்ளே கால் உட்கார்வது 35 மி.மீ. உயரத்தில்தான். மீதி 20 மி.மீ. காலைச் சுற்றி எழும்பும் சுவர். இதனால் எடை குறைகிறது, கால் இடறிப் பிரளுவதும் குறைகிறது. பக்கவாட்டுப் படத்தோடு ஷூவை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்ற வெட்டுப்படமும் கட்டாயம் வரையுங்கள். அதை வரைந்துகொண்டு வருகிறவரை ஃபேக்டரியில் மதித்துப் பேசுவார்கள்.

சோலுக்கு முன்னால் லாஸ்ட் வருகிறது. லாஸ்ட் என்பது ஷூவுக்குள் காலின் இடத்தில் நிற்கும் அச்சு. ஓப்பன் மோல்டு சோல் வாங்கினால் அது எந்த லாஸ்டுக்குப் போட்டது என்று கேட்டு, அதே லாஸ்டையும் வாங்க வேண்டும். ‘கிட்டத்தட்ட இதே மாதிரிதான் சார்’ என்று வேறொன்றைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சோலின் உள்குழிவும் லாஸ்டின் அடியும் ஒன்றோடொன்று உட்காராவிட்டால், எந்தப் பசையும் அதை நெடுநாள் பிடித்து வைக்காது. இன்னொன்று, வெளிநாட்டு லாஸ்டுகள் நம் ஆட்களுக்கு முன்பக்கம் இறுக்கும். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற தனி அளவு முறையை முன்மொழிந்திருக்கிறது. அதற்காக 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர்களைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. பெரிய சோல் ஷூவில் இது நமக்கு வசதிதான். முன்பக்கம் அகலமான லாஸ்ட் வைத்தாலும், கீழே சோல் அதைவிட அகலமாக இருப்பதால் ஷூ சப்பையாகத் தெரியாது.

அடுத்தது வளைவு. புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே பொருளைத் தடிமனில் இரட்டிப்பாக்கினால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். 15 மி.மீ. சோல் விரல் மூட்டுப் பக்கம் தானாக மடங்கும். 35 மி.மீ. மடங்காது. மடங்காத ஷூவில் அடி எடுத்து வைக்கும்போது குதிகால் வெளியே கழன்று வரும். பின்பக்கம் உரசிக் கொப்புளம் வரும். கடையில் ‘சைஸ் பெருசா இருக்கு’ என்று ஒரு அளவு சின்னதாகக் கேட்பார்கள், அதுவும் கடிக்கும். தீர்வு இரண்டு. ஒன்று, முன்முனையை உயர்த்துவது. ஷூவைத் தரையில் வைத்தால் நுனி 15 முதல் 20 மி.மீ. வரை எழும்பி நிற்க வேண்டும். அப்போது சோல் மடங்காவிட்டாலும் கால் முன்னோக்கி உருண்டுபோகும். இந்த எழும்பல் லாஸ்டிலேயே இருக்க வேண்டும். சோலில் மட்டும் வைத்தால் அப்பர் முன்பக்கம் சுருங்கும். இரண்டு, அடியில் குறுக்கே பள்ளம் விடுவது. அது நேர்கோடாக இல்லாமல், கட்டைவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டுக்குச் சாய்வாக ஓட வேண்டும். கால் மடங்குவது அந்தச் சாய்வில்தான்.

பொருள் தேர்வில் ஒரு எச்சரிக்கை. பி.யூ. சோல் மிதிக்க மெத்தென்று இருக்கும், நன்றாக வார்க்கலாம். ஆனால் பாலியஸ்டர் அடிப்படையிலான பி.யூ.வை ஈரப்பதம் மெல்ல அரிக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில வருடத்தில் சோல் பிசுபிசுத்து, பிறகு பொடிப்பொடியாக உதிரும். பழைய ஷூவை ஆசையாக எடுத்துப் போட்டு ரோட்டில் சோலை உதிர்த்துவிட்டு வந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஸ்ட்ரீட்வேர் வாங்குகிறவர்கள் ஷூவைப் பத்திரப்படுத்தி வைக்கிறவர்கள். அவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. என் தேர்வு, ஈ.வி.ஏ. மிட்சோலும் (நடு அடுக்கு), தரை தொடும் இடத்தில் மட்டும் ரப்பரும். கடினத்தை அளக்கும் அளவுகோல்களில், ஈ.வி.ஏ. அஸ்கர் சி-யில் 50 பக்கம், ரப்பர் ஷோர் ஏ-யில் 60 முதல் 65. ஈ.வி.ஏ.வை இதைவிட மிருதுவாகக் கேட்டால் கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், சீக்கிரமே சோலின் பக்கச் சுவரில் சுருக்கம் விழுந்துவிடும். உயரமான சுவர் என்பதால் எல்லோர் கண்ணிலும் படும்.

பின்னாளில் சொந்த மோல்டு போடும் நிலை வந்தால், நேராக அலுமினியத்தில் வெட்டச் சொல்லாதீர்கள். ஈ.வி.ஏ. ஷீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அரவை மெஷினில் தேய்த்து ஒரு சோல் செய்யுங்கள், அல்லது 3டி பிரிண்ட் எடுங்கள். அதை லாஸ்டின் கீழ் வைத்து ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் சரியாகத் தெரிந்த சோல், மேலேயிருந்து பார்க்கும்போது படகு மாதிரி இருக்கும். ஷூவைப் போடுகிறவர் தன் ஷூவை மேலேயிருந்துதான் பார்க்கிறார் என்பதை நிறைய டிசைனர்கள் மறந்துவிடுகிறார்கள். இன்ஜெக்‌ஷன் முறையில் ஈ.வி.ஏ. மோல்டைத் திறந்த கணமே சோல் இட்லி மாவு மாதிரி உப்பி, மோல்டைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு வரும். பிறகு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். தடித்த இடமும் மெல்லிய இடமும் ஒரே மாதிரி சுருங்காது. அதனால் முதலில் யூ.கே. 8 ஒன்றுக்கு மட்டும் மோல்டு போட்டு, சோல் நன்றாக ஆறிய பிறகு அளந்து, ஷூ செய்து, ஒருவர் நடந்து பார்த்த பிறகுதான் மற்ற அளவுகளைத் திறக்க வேண்டும்.

மற்ற அளவுகள் என்றதும் ஒன்று. யூ.கே. அளவில் ஒரு எண் கூடினால் நீளம் 8.46 மி.மீ. கூடும். சோலின் உயரத்தை அதே விகிதத்தில் ஏற்றுவது வழக்கமில்லை. ஆகவே 8-இல் கச்சிதமாக இருக்கிற சோல், 5-இல் கட்டையாகவும் 11-இல் சாதுவாகவும் தெரியும். பெண்களுக்கும் அதே ஷூவை விற்பதாக இருந்தால் சின்ன அளவுகளுக்கு 3 அல்லது 4 மி.மீ. குறைத்து ஒரு தனித் தொகுதி கேளுங்கள்.

அப்பருக்கு வருவோம். லாஸ்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டி, பென்சிலால் பேனல் கோடுகளை அதன் மேலேயே வரையுங்கள். பிறகு டேப்பை நடுக்கோட்டில் வெட்டி உரித்துத் தட்டையான அட்டையில் ஒட்டினால் பேட்டர்ன் வேலைக்கு அடிப்படை கிடைத்துவிடும். காகிதத்தில் வரைந்த படத்தைவிட பேட்டர்ன் மாஸ்டருக்கு இது ஆயிரம் மடங்கு தெளிவு. சோல் பெரிதாக இருக்கும்போது அப்பர் ஒல்லியாக இருந்தால் ஷூ யாரோ இரண்டு பேரிடம் கடன் வாங்கியது போலாகிவிடும். காலர் திண்டும் நாக்கும் தடியாக இருக்கட்டும். பேனல்களை அடுக்கடுக்காக வைக்கலாம். ஆனால் விரல் மடங்கும் இடத்தில் இரண்டு அடுக்குக்கு மேல் தையல் சேரக் கூடாது, கடிக்கும். அப்பரின் அடி ஓரத்தை மெல்லிய அடித்துணியோடு சுற்றித் தைக்கும் ஸ்ட்ரோபெல் முறையையே கேளுங்கள். உள்ளே கெட்டியான அட்டை வைத்து இழுத்து ஒட்டினால், ஏற்கெனவே வளையாத சோல் இன்னும் விறைத்துப்போகும்.

ஒட்டும் இடம்தான் ஷூவின் உயிர். சாம்பிள் ஓடும் நாளில் ஃபேக்டரியில் நின்று பாருங்கள். லாஸ்டில் ஏற்றிய அப்பரை சோலில் உட்கார வைத்து, சோல் விளிம்பை ஒட்டி சில்வர் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே தோலின் மேற்பூச்சைத் தேய்த்து எடுத்தால்தான் பசை பிடிக்கும். கோட்டுக்கு ஒரு மி.மீ. கீழேயே நின்றுவிட்டால் விளிம்பு வாய் பிளக்கும், ஒரு மி.மீ. மேலே போனால் சொரசொரப்பான சாம்பல் ஓரம் எட்டிப்பார்க்கும். சோலின் சுவர் உயரமாக இருப்பதால் இந்த ஷூவில் தேய்க்க வேண்டிய பரப்பும் அதிகம். ஈ.வி.ஏ. பசையைச் சுலபத்தில் ஏற்காது. கழுவி, யூ.வி. பிரைமர் அடித்து, யூ.வி. விளக்கின் அடியில் காட்டி, பிறகுதான் பி.யூ. பசை. 60 டிகிரி பக்கம் சூடாக்கி ஒட்டி, கீழேயிருந்து மட்டுமில்லாமல் பக்கங்களிலிருந்தும் அழுத்தும் பிரஸ்ஸில் வைக்க வேண்டும். சாதாரண பிரஸ் உயரமான சுவரைத் தொடவே தொடாது. அந்த ஃபேக்டரியில் பக்க அழுத்தம் தரும் பிரஸ் இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஃபேக்டரி பாருங்கள், அல்லது சோலைச் சுற்றிலும் பக்கத் தையல் போடச் சொல்லுங்கள்.

சோதனைகளில் மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். சோலை அப்பரிலிருந்து உரிக்கும் சோதனையில் செ.மீ.க்கு 2.5 முதல் 3 கிலோ தாங்க வேண்டும். வளைவுச் சோதனையில் ஒரு லட்சம் தடவை மடக்கியும் பள்ளங்களில் வெடிப்பு வரக் கூடாது. ரப்பர் தேய்மானம் டின் (DIN) என்ற ஜெர்மன் தரமுறைச் சோதனையில் 150 கன மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இவற்றுக்கு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களை அணுகலாம். அத்தோடு நாலைந்து பேருக்கு சாம்பிளைக் கொடுத்து ஒரு மாதம் தினமும் போடச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவராவது பைக் ஓட்டுகிறவராக இருக்கட்டும். தடித்த சோலோடு கியர் போட முடிகிறதா என்று எந்த லேப் அறிக்கையும் சொல்லாது, நம் ஊரில் அது வாங்குவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும்.

சட்டப் பக்கம் மூன்று விஷயம். இந்தியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான காலணி வகைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டுக் காலணிகளுக்கு ஐ.எஸ். 15844 தரநிலை. உங்கள் ஷூ எந்த வகையில் வரும், அந்த வகைக்கு ஃபேக்டரியிடம் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) உரிமம் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 2,600 ரூபாய்க்கு விலை வைப்பதில் அர்த்தமில்லை. 2,499 அல்லது தைரியமாக 3,500-க்கு மேல். மூன்றாவது, சொந்த சோல் வடிவம் என்று வரும்போது அதை 2000-ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். முதலில் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் ‘விரைவில்’ என்று ஒரு படம் போட்டாலே பதிவு கேள்விக்குள்ளாகும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, நாலைந்து ஓப்பன் மோல்டு சோல்களை அவற்றின் லாஸ்டோடு வரவழைத்து, எடை பார்த்து, மடக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் படத்தின் அப்பரை அந்த லாஸ்டில் மறுபடி வரையுங்கள். நிறைய மாறும், சில பேனல்கள் போயே போய்விடும். அதற்குப் பிறகு ஃபேக்டரிக்குப் போங்கள். வெட்டுப்படம், பொருள் பட்டியல், எடை வரம்பு மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். 300 ஜோடியை ஆறு அளவில் சமமாகப் பிரிக்காதீர்கள், ஆண்களுக்கு 7, 8, 9-இல்தான் அதிகம் போகும். சாம்பிளுக்குக் காசு கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பேரத்தை ஆர்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.